கன்சோலின் கடைசி வரியை நம்பாதீர்கள்

புது போர்டில் லினக்ஸ் ஏற்றுபவர்களிடமிருந்து எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான்: "பூட்லோடர் (லினக்ஸின் மையமான கர்னலை ஏற்றித் தொடங்கும் நிரல்) 'ஸ்டார்ட்டிங் கர்னல்' என்று காட்டியது. அப்புறம் ஒன்றுமே வரவில்லை. கர்னல் தொங்கிவிட்டது." பல சமயம் அது தொங்கியிருக்காது. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

கர்னலின் செய்திகளை வெளியிடும் 'பிரிண்ட்கே' எழுதுவதெல்லாம் முதலில் போய்ச் சேர்வது நினைவகத்தில் உள்ள ஒரு பஃபருக்கு. சீரியல் போர்ட்டை இயக்கும் டிரைவர், செய்திகளைக் காட்டும் இடமாக, அதாவது கன்சோலாக, பதிவாகும்வரை அங்கேயே கிடக்கும். அதற்குமுன் கர்னல் விழுந்தால் எதையும் பார்க்க முடியாது. இந்த இடைவெளிக்குத்தான் 'இயர்லிகான்' என்ற ஆரம்பகட்ட கன்சோல்; கர்னலுக்குக் கொடுக்கும் பூட் அளவுருவால் இயக்குவது. இது இன்டரப்ட்டுக்கு (வன்பொருள் தரும் அழைப்புக்கு) காத்திருக்காது; யூஆர்ட் (சீரியல் போர்ட்டின் சிப் பகுதி) காலியா என்று ரெஜிஸ்டரைப் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகத் தள்ளும்.

ஆனால் பாட் ரேட் (சீரியல் வேகம்) கொடுக்காவிட்டால், பொதுவாக அது பூட்லோடர் வைத்துவிட்டுப் போன அமைப்பையே நம்பும். பூட்லோடர் தொடாத யூஆர்ட்டின் முகவரியைக் கொடுத்தால் வெறும் மௌனம்தான். அதற்குக் கிளாக்கே ஓடவில்லை என்றால் சில சிப்களில் பஸ்ஸே உறைந்துவிடும். ராஸ்ப்பெரி பையின் மினி யூஆர்ட் இன்னொரு வகை: அதன் வேகம் கோர் கிளாக்கைப் பிடித்துத் தொங்குவதால், கிளாக் மாறினால் திரையில் குப்பை எழுத்துகள்.

நிஜ கன்சோல் வந்ததும் 'பூட்கன்சோல் டிசேபிள்ட்' என்று ஒரு வரி வந்து ஆரம்பகட்ட கன்சோல் விலகும். அதோடு எல்லாம் அடங்கினால், முதலில் 'கன்சோல்=' அளவுருவில் போர்ட் பெயரைச் சரிபாருங்கள். 'கீப்_பூட்கான்' என்ற அளவுருவைப் போட்டு ஆரம்பகட்ட கன்சோலை விலகாமல் வைக்கலாம். அதிலும் ஒரு பொறி உண்டு: நிஜ டிரைவர் அந்த யூஆர்ட்டைப் பிடிக்காத நிலையில், பூட்டின் கடைசிக் கட்டத்தில் கர்னல் பயன்படாத கிளாக்குகளை அணைக்கும்போது அதன் கிளாக்கும் போகலாம். பிழை தேட நீங்கள் போட்ட அளவுருவே போர்டை நிறுத்திவிடும். கூடவே, கிளாக்குகளை அணைக்காமல் விடச் சொல்லும் 'சிஎல்கே_இக்னோர்_அன்யூஸ்ட்' சேர்ப்பது அதனால்தான்.

வேகத்தையும் கணக்கில் வையுங்கள். 115200 பாட் என்றால், ஓர் எழுத்துக்கு 10 பிட் வீதம், விநாடிக்கு 11,520 எழுத்துகள். 80 எழுத்து வரிக்கு ஏறக்குறைய 7 மில்லிவிநாடி. இயர்லிகானில் அதுவரை அந்த சிபியு காத்திருக்கும். நேரம் சார்ந்த பிழைகள் இதில் மறைந்தே போகும். பிரிண்ட்கே வரிகளை அள்ளிப் போட்டுத் தேடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

எதுவும் வராதபோது நான் செய்வது: ஆர்ம்64-இல் (64-பிட் ஆர்ம் சிப்களில்) கர்னலின் முதல் அசெம்பிளி வரிகளில், முகவரிகளை மாற்றித் தரும் எம்எம்யூ இயங்கும் முன்பே, யூஆர்ட்டின் பௌதிக முகவரிக்கு ஒரே ஓர் எழுத்தை நேரடியாக எழுதுவது. அது வந்தால் கர்னலுக்குள் தேடலாம். வராவிட்டால் முகவரி, கிளாக், கேபிள் இவற்றைப் பார்த்துவிட்டு, கட்டுப்பாடு கர்னலுக்கு வந்து சேர்ந்ததா என்று பூட்லோடர் பக்கம் போகவேண்டும்.