அசல் டைரக்டரியில் கை வைக்காதே மக்கா

காலை ஒன்பதே முக்கால். நாகர்கோவில் ஆபீசில் சாயா குடித்து முடிக்கவில்லை, அதற்குள் வாடிக்கையாளரிடமிருந்து போன். அங்கே நாற்பது பேருக்கு கம்ப்யூட்டரில் லாகின் ஆகவில்லையாம். எல்லாருடைய கணக்கும் லாக்.

"மக்கா, நேத்து ராத்திரி என்ன ஓட்டுன?"

"லாகின் டெஸ்டுதான் அண்ணே. தப்பான பாஸ்வேர்டு போட்டா எரர் வருதான்னு பாத்தேன்."

"எந்த சர்வர்ல?"

பதில் இல்லை. பையனைத் திட்டி என்ன பயன்? எங்கள் ஆப்பின் கான்ஃபிக் ஃபைலில் வாடிக்கையாளரின் அசல் சர்வர் முகவரியை எழுதிக் கொடுத்ததே நாங்கள்தான். தப்பான பாஸ்வேர்டு சில தடவை விழுந்தால் கணக்கைப் பூட்டச் சொல்லி ஆக்டிவ் டைரக்டரியில் (ஊழியர்களின் பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும் மைக்ரோசாஃப்டின் டைரக்டரி சர்வர்) வைத்திருப்பார்கள். அது தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது.

அன்றிலிருந்து அவரவர் லேப்டாப்பில் அவரவர் டைரக்டரி. ஓபன்எல்டேப் என்ற டைரக்டரி சர்வர் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். மழைக்கு நெட் போனாலும் மார்த்தாண்டத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவருக்கு வேலை நிற்காது. டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டியாக ஓட்டும் கருவி) ஏற்றினால் போர்ட்டை 127.0.0.1-க்கு, அதாவது சொந்த லேப்டாப்புக்கு மட்டும் திறந்துவிடுங்கள். முகவரி சொல்லாமல் விட்டால், அதே வைஃபையில் இருக்கும் எவரும் எட்டிப் பார்க்கலாம். டைரக்டரியோடு பேசும் முறையான எல்டேப்பின் வழக்கமான போர்ட் 389, டிஎல்எஸ் என்ற மறையாக்கத்துடன் என்றால் 636. டொமைனுக்கு எக்ஸாம்பிள்.காம் போதும். 1999-இல் வந்த ஆர்எஃப்சி 2606 என்ற இணைய ஆவணம் உதாரணங்களுக்கென்றே ஒதுக்கி வைத்த பெயர் அது. வாடிக்கையாளரின் டொமைனைப் போட்டு, டெஸ்ட் ஆப் நிஜ ஆட்களுக்கு மெயில் அனுப்பிய கதையும் எங்களிடம் உண்டு. அது இன்னொரு நாள்.

நிறுவுவது அரை மணி நேர வேலை. உள்ளே யாரைக் குடிவைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அசல் ஊழியர் பட்டியலை இறக்கிக் கொண்டுவந்து போடுவது கூடவே கூடாது. ஆட்களை நாமே உருவாக்கி எல்டிஃப் (டைரக்டரிப் பதிவுகளை எழுதும் எழுத்து வடிவம்) ஃபைலில் எழுதி, கிட்டில் (ஃபைல் மாற்றங்களைச் சேமிக்கும் கருவி) வைத்து, ஒவ்வொரு டெஸ்டுக்கும் அழித்துப் புதிதாக ஏற்ற வேண்டும்.

அப்படி எழுதும்போது முதல் சிக்கல் 'எஸ்என்' என்ற குடும்பப் பெயர்க் கட்டம். ஆட்களுக்கான இனெட்ஆர்க்பெர்சன் வகைப் பதிவில் அது கட்டாயம். நமக்கு ஏது குடும்பப் பெயர், இனிஷியல்தானே? சிலர் இனிஷியலைப் போடுகிறார்கள், சிலர் பெயரையே மறுபடி போடுகிறார்கள். திரையில் 'வணக்கம், சுதா சுதா' என்று வந்து நின்றது. ஆகவே டெஸ்ட் பட்டியலில் இரண்டு விதமும் இருக்கட்டும். 'சுதா, எஸ்' என்று காற்புள்ளியோடு ஒருவர் வேண்டும். டிஎன்னுக்குள் (டைரக்டரியில் ஒருவரின் முழு முகவரி) அந்தக் காற்புள்ளிக்கு முன் பின்சாய்வு போடாவிட்டால் உடையும். தமிழிலேயே பெயருள்ள ஒருவரும் வேண்டும். எல்டேப்சர்ச் என்ற தேடல் கட்டளை அந்தப் பெயரை இரண்டு முக்காற்புள்ளிகளுக்குப் (::) பிறகு பேஸ்64-ஆக, அதாவது ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடாகக் காட்டும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள்.

பெயர் கட்டத்தில் நட்சத்திரக் குறி ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். ஆப் அதை எஸ்கேப் செய்யாமல் (வெறும் எழுத்தாக மாற்றாமல்) தேடல் நிபந்தனையான ஃபில்டரில் ஒட்டினால், எல்லாரும் வந்து நிற்பார்கள்.

அதைவிட மோசமானது காலி பாஸ்வேர்டு. டிஎன் கொடுத்து பாஸ்வேர்டைக் காலியாக விட்டு பைண்ட் (எல்டேப்பில் லாகின்) செய்தால், எல்டேப் விதிப்படி அது பெயரில்லாதவரின் பைண்ட். சர்வர் 'சரி' என்று சொல்லிவிடலாம். ஆப் அதை லாகின் ஆனதாக எடுத்துக்கொண்டால், யார் பெயரிலும் எவரும் நுழையலாம். இதில் ஒரு குசும்பு இருக்கிறது: ஓபன்எல்டேப் இதை இயல்பாகவே மறுத்துவிடும், ஆக்டிவ் டைரக்டரி வழக்கமாக அனுமதிக்கும். லேப்டாப்பில் டெஸ்ட் பாஸ், அங்கே போனால் ஓட்டை. அதனால் ஓபன்எல்டேப்பில் இதை அனுமதிக்கும் பைண்ட்_அனான்_டிஎன் அமைப்பைத் திறந்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். காலி பாஸ்வேர்டை சர்வர்வரை போகவிடாமல் ஆப்பே நிறுத்துகிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

ஆள் எண்ணிக்கையையும் 1,200-க்குக் கூட்டி வையுங்கள். ஓபன்எல்டேப் இயல்பாக 500 பேரோடும், ஆக்டிவ் டைரக்டரி 1,000 பேரோடும் தேடல் முடிவை நிறுத்தும். பக்கம் பக்கமாகக் கேட்காத ஆப் அங்கே மாட்டும்.

எஸ்ஏஎம்அக்கவுண்ட்நேம் என்ற லாகின் பெயர்க் கட்டம் போல ஆக்டிவ் டைரக்டரிக்கே உரிய சமாச்சாரங்கள் இதில் இருக்காது. கடைசிச் சுற்றை வாடிக்கையாளர் தரப்பில்தான் பார்க்க வேண்டும், அதுவும் அவர்கள் டெஸ்டுக்கென்று தரும் ஒரே ஒரு கணக்கை வைத்து. அந்தக் கணக்கு பூட்டிக்கொண்டால் போகட்டும், யாருடைய காலையும் கெடாது.