குளிரில் ஏசியா என்று கேட்காதீர்கள்

போன வாரமும் ஒரு கார் வந்தது. ஏலகிரியிலிருந்து விடியற்காலையில் இறங்கும்போது முன்கண்ணாடி மொத்தமாக மூட்டம் படிந்து மூடிக்கொண்டதாம். உள்ளே பெரியவர்களும் பிள்ளைகளுமாக ஆறு பேர். ஓட்டியவர் ஒரு கையில் ஸ்டீயரிங், ஒரு கையில் துண்டு என்று துடைத்துக்கொண்டே கொண்டை ஊசி வளைவில் திருப்பியிருக்கிறார். பம்பர் தடுப்புச் சுவரில் உரசியதோடு போயிற்று. "ஏசி போட வேண்டியதுதானே?" என்றேன். "குளிர்ல போய் யாராவது ஏசி போடுவாங்களாண்ணா?" என்றார்.

வேலூரில் கார் ஏசி வேலை பார்க்கும் எனக்கு மார்கழி பிறந்தாலே இந்தக் கேள்விதான். ஏசி என்றால் குளிர்ச்சி மட்டும் என்று முடிவே கட்டிவிட்டோம். அது காற்றிலுள்ள ஈரத்தையும் எடுத்துவிடுகிறது. வெயில் காலத்தில் ஏசி ஓடும் காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதே, அது காற்றிலிருந்து எடுத்த ஈரம்தான். ஏசியை அணைத்துவிட்டால் அந்த ஈரம் போக்கிடமில்லாமல் கண்ணாடியில் படிகிறது. ஏசி ஓடினால் குளிரத்தான் வேண்டும் என்றில்லை. ஏசியை ஆன் செய்துவிட்டு டெம்பரேச்சர் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்புங்கள். காய்ந்த, வெதுவெதுப்பான காற்று வரும். ஏசியும் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் வண்டி கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது, உள்ளே இருக்கும் காற்றையே சுற்ற விடும் ரீசர்குலேஷன் பட்டன். கார் படத்துக்குள் அம்புக்குறி வளைந்திருக்குமே, அதுதான். காட்பாடி நெரிசலில் புகை வரக் கூடாதென்று போட்டவர்கள் அப்புறம் எடுப்பதே இல்லை. ஆறு பேர் விடும் மூச்சு உள்ளேயே சுற்றினால் கண்ணாடி மூடாமல் என்ன செய்யும்? அதை எடுத்துவிட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, ப்ளோயரைக் கூட்டுங்கள். முன்கண்ணாடிப் படம் போட்ட பட்டனை அழுத்தினாலே பல கார்களில் இதெல்லாம் தானாக நடக்கும். செவ்வகப் படம் போட்டது பின்கண்ணாடிக்கு. அந்தக் கண்ணாடியின் உள்பக்கம் ஓடும் மெல்லிய கோடுகள்தான் சூடாக்குபவை. ஸ்டிக்கரைப் பிளேடால் சுரண்டி அவற்றை அறுத்துவிட்டு என்னிடம் வராதீர்கள்.

மூட்டம் உள்ளேயா வெளியேயா என்று சந்தேகமா? உள்பக்கம் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு விழவில்லையென்றால் வெளியே. மழை நாளில் ஏசியைக் கடுங்குளிரில் வைத்துக் கண்ணாடி மேல் அடிக்க விட்டால் அப்படி ஆகும். வைப்பரைப் போட்டுக் குளிரைக் குறைத்தால் சரி.

இத்தனைக்குப் பிறகும் மூடினால், காலடி மேட் நனைந்திருக்கிறதா, உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடியில் பிசுபிசுப்பும் காருக்குள் ஒருவித இனிப்பு வாடையும் இருந்தால் ஹீட்டரில் கூலன்ட், அதாவது இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம், கசிகிறது. அதைச் சரிசெய்யாமல், "நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்கு?" என்று அந்தத் திரவம் ஹீட்டருக்கே போகாதபடி குழாயை பைபாஸ் செய்துவிடும் வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. ஒப்புக்கொள்ளாதீர்கள், கசியும் பாகத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

டேஷ்போர்டு பாலிஷ், கண்ணாடியில் ஷாம்பு இரண்டும் வேண்டாம். அவை கண்ணாடியில் விடும் படலத்தில் எதிர்வண்டி வெளிச்சம் பட்டால் கண்ணே தெரியாது.

ஓடும்போது சட்டென்று மூடினால் வேகத்தைக் குறையுங்கள், பக்கக் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்குங்கள். அப்படியும் தெரியவில்லையா? வளைவிலோ பள்ளிகொண்டா பக்கம் ஹைவே ஓரத்திலோ நிறுத்தாமல், மெதுவாக ஊர்ந்து ஒரு பங்க்குக்குள்ளோ டீக்கடை முன்னாலோ ஒதுக்கிவிடுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், துடைப்பதாயிருந்தால் வண்டி நின்ற பிறகு துடையுங்கள்.