பழைய கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டா? மொதல்ல எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரப் படிங்க

"அண்ணா, 4 ஜிபி கார்டு இன்னா ரேட்டுண்ணா?" காட்பாடி பக்கம் சர்வீஸ் பண்ற எங்கிட்ட வர்ற பசங்கள்ல முக்காவாசி பேரு இப்படித்தான் கேப்பாங்க. எந்த கார்டுன்னு கேட்டா தெரியாது, வீட்ல இருக்கறது எந்த போர்டுன்னு கேட்டா அதுவும் தெரியாது, ஜிபி, அதாவது கார்டுல இருக்கற மெமரி அளவு, அது மட்டும் கரெக்டா தெரியும். இந்த ஜிபி கணக்க வெச்சிதான் நெறைய பேர ஏமாத்தறாங்க, அதனாலதான் இத எழுதறேன்.

ஜிடி 730னு ஒரு கார்டு கீது, 2014ல வந்தது. அதுல 4 ஜிபி டிடிஆர்3 (பழைய ஸ்லோ மெமரி) மாடல் இன்னைக்கும் புது டப்பாவுல வெச்சி விக்கறாங்க. பக்கத்துலயே ஜிடி 1030, வெறும் 2 ஜிபி. ஜிபி பாத்து வாங்கறவன் 730ஐ எடுத்துட்டுப் போவான், ஆனா ஜிடிடிஆர்5ங்கற வேகமான மெமரி போட்ட 1030 அத விட ரொம்ப ஸ்பீடு. அந்த 1030லயும் ஒரு வேல பண்ணி வெச்சிருக்கான், 2018ல அதே பேர்லயே டிடிஆர்4 போட்டு எறக்கிட்டான். ஜிடிடிஆர்5 கார்டுல மெமரி பேண்ட்வித் (டேட்டா போய் வர்ற வேகம்) செகண்டுக்கு 48 ஜிபி, டிடிஆர்4ல 17 ஜிபிகிட்டதான் வரும், அப்டின்னா மூணுல ஒரு பங்கு. டப்பா மேல பெரிய எழுத்துல ரெண்டுத்துக்கும் ஒரே பேருதான், ஓரத்துல பொடி எழுத்துல மெமரி டைப்பு போட்டிருக்கும், அதப் படிக்காம காசு குடுக்காதீங்க.

சரி, கார்டு பேர அப்புறம் பாப்போம். மொதல்ல சைடு டோரக் கழட்டுங்க, உள்ள எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கற டப்பாதான் எஸ்எம்பிஎஸ், அது மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கரப் பாருங்க. 450 வாட்ஸ்னு பெருசா போட்டிருப்பான், அத நம்பாதீங்க. கீழ ஒரு டேபிள் இருக்கும், அதுல +12வி-ன்னு போட்ட கட்டத்துல எத்தன ஆம்ப்ஸ்னு பாருங்க. 14ஏ-ன்னு இருந்தா 12ஆல பெருக்குங்க, 168 வாட்ஸ். புராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடறது இந்த 12 வோல்ட் லைன்ல இருந்துதான். ஐ5 3470 போட்ட பழைய மிஷின்னு வெச்சிக்கோங்க, புராசசர் ரேட்டிங் 77 வாட்ஸ், 75 வாட்ஸ் கார்டு ஒண்ணு சொருகினா 152 ஆச்சி, இன்னும் ஹார்ட் டிஸ்க், ஃபேன்லாம் இருக்கு, அதுவும் லோக்கல் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர்ல போட்டத முழுசா குடுக்கும்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது. கையில தூக்கினா டப்பா காலியா இருக்கற மாதிரி லேசா இருந்தா அதுல கார்டு போடறதப் பத்தி யோசிக்கவே வேணாம், மொதல்ல அத மாத்துங்க.

மதர்போர்டு ஸ்லாட்டுல இருந்து கார்டுக்கு மேக்ஸிமம் 75 வாட்ஸ்தான் கெடைக்கும். அதுக்கு மேல வேணும்னா எஸ்எம்பிஎஸ்ல இருந்து தனியா 6 பின் ஒயர் வரணும், அது ஒரு 75, 8 பின்னுனா 150. பழைய எஸ்எம்பிஎஸ்ல இந்த ஒயரே இருக்காது, ஒடனே பழைய ஹார்ட் டிஸ்குக்குப் போற மோலெக்ஸ் ஒயர்ல ஒரு கன்வெர்ட்டரப் போட்டு ஓட்டிடலாம்னு யாராவது ஐடியா குடுப்பாங்க. ஆர்எக்ஸ் 580 மாதிரி 185 வாட்ஸ் கார்ட இப்படி ஓட்டி, மஞ்ச ஒயரு கனெக்டரோட உருகி ஒட்டிக்கினு, பிளாஸ்டிக் தீஞ்ச வாசனையோட டேபிளுக்கு வர்ற மிஷின நான் பாக்கறேன். கஸ்டமர் வந்து "கேம் நடுவுல டப்புனு ஆஃப் ஆவுதுண்ணா, விண்டோஸ் போட்டுக் குடுங்க"ம்பாரு. விண்டோஸ் என்னா பண்ணும் பாவம்.

அதனால பழைய மிஷினுக்கு என் கணக்கு சிம்பிள், ஸ்லாட்டு பவர்லயே ஓடற கார்டு மட்டும் பாருங்க. ஜிடி 1030 30 வாட்ஸ், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 75, ஜிடிஎக்ஸ் 1650 75 (இதுல சில கம்பெனி மாடல்ல 6 பின் கேக்கும், பாத்து வாங்கணும்), புதுசா வேணும்னா 2024ல வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி 70 வாட்ஸ். 3050லயே பழைய 8 ஜிபி மாடலுக்கு தனி பவர் ஒயர் வேணும், பேரு ஒண்ணா இருக்குன்னு மாத்தி வாங்கிடாதீங்க.

ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட்ஸ்தான், கேக்க நல்லா இருக்கும், ஆனா பழைய போர்டுக்கு நான் வேணாம்னுதான் சொல்வேன். அதுல பிசிஐஇ லேன், அதாவது போர்டுக்கும் கார்டுக்கும் நடுவுல டேட்டா போற பாதை, நாலுதான். புது போர்டுல அந்த பாதை ஜென் 4 ஸ்பீடுல ஓடறதால தெரியாது, ஜென் 3 போர்டுல பாதி ஆவும், ரெண்டாவது ஜெனரேஷன் ஐ3 புராசசர் போட்ட ஹெச்61 போர்டுன்னா பாதை ஜென் 2, அதுலயும் பாதி. இன்டெல் ஆர்க் கார்டும் இந்த வேணாம் லிஸ்ட்லதான், அதுக்கு ரீசைசபிள் பார் (கார்டு மெமரி முழுசையும் புராசசர் ஒரே நேரத்துல எடுத்துக்கற வசதி) வேணும், பத்தாவது ஜெனரேஷனுக்கு முந்தின இன்டெல் மிஷின்ல அத எதிர்பாக்காதீங்க.

ஸ்டுடியோக்காரங்களுக்கு தனியா ஒரு வார்த்த. குடியாத்தத்துல இருந்து ஒரு அண்ணன், கல்யாண வீடியோ எடிட் பண்றவரு, "போட்டோஷாப், பிரீமியர் ரெண்டும் ஓடணும், 1030 போதும்ல?"ன்னு கேட்டாரு. போட்டோஷாப்புக்கு போதும். ஆனா 1030லயும் ஆர்எக்ஸ் 6400லயும் வீடியோ என்கோடரே (வீடியோவ ஃபைலா மாத்தற வேலைய செய்யற பகுதி) கெடையாது, எக்ஸ்போர்ட் குடுத்தா முழு சுமையும் பழைய புராசசர் தலையிலதான் விழும், முகூர்த்த சீசன்ல அத வெச்சிக்கினு பொழைக்க முடியாது. அவருக்கு 1650தான் சொன்னேன், கூட ஒரு எஸ்எஸ்டியும். ராணிப்பேட்ட, ஆம்பூர் ஆபீஸ்ங்கள்ல டேலி, எக்செல், 2டி டிராயிங் மட்டும் ஓடற மிஷினுக்கெல்லாம் கார்டே வேணாம், ராமும் எஸ்எஸ்டியும் போட்டா போதும். இத சொன்னா "இன்னா சார் வர்ற யாவாரத்த நீயே கெடுத்துக்கற"ன்னு சிரிப்பாங்க.

ஆபீஸ்ல இருந்து கழிச்சி விட்ட குட்டி கேபினெட் மிஷின் இப்ப நெறைய பசங்க வாங்கறாங்க, நல்ல மிஷின்தான், ஆனா அதுல லோ புரொஃபைல், அதாவது உயரம் கம்மியான கார்டுதான் ஒக்காரும். எஸ்எம்பிஎஸ்ஸும் அவன் சைஸ்ல செஞ்சது, வெளிய வாங்கி மாட்ட முடியாது. ஸ்கேல் எடுத்து உள்ள அளந்துட்டு கார்டு தேடுங்க.

வாங்கிக்கினு போயி மாட்டினப்புறம் "டிஸ்பிளே வரல"ன்னு போன் வரும், அதுக்கு ரெண்டு காரணம் அடிக்கடி பாக்கறேன். ஒண்ணு, மானிட்டர் பழசு, விஜிஏ மட்டும்தான் இருக்கும், 1030ல இருந்து மேல எதுலயும் அனலாக் அவுட்புட் கெடையாது, உள்ள சிப் வெச்ச ஆக்டிவ் கன்வெர்ட்டர் வேணும், சும்மா பின்ன மாத்தற அடாப்டர் வேலைக்காகாது. ரெண்டு, போர்ட ஸ்டார்ட் பண்ற பயாஸ் ரொம்ப பழசு, புது கார்டு யுஇஎஃப்ஐங்கற புது மாதிரி பயாஸ் கேக்கும். வாங்கறதுக்கு முன்னாடியே உங்க போர்டு மாடலுக்கு பயாஸ் அப்டேட் இருக்கான்னு பாத்துடுங்க.

டிரைவர் விஷயமும் இருக்கு. ஜிடி 710 ரகத்துக்கு 470 சீரிஸோட புது டிரைவர் நின்னு போச்சி. 1030, 1050 டிஐ இருக்கற பாஸ்கல் ஃபேமிலிக்கு 2025 அக்டோபரோட கேம் ரெடி டிரைவர் முடிஞ்சிது, 2028 அக்டோபர் வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் மட்டும்தான். 1650க்கு அந்த பிரச்சன இன்னும் வரல, அதான் செகண்ட் ஹேண்ட்ல கொஞ்சம் காசு கூட ஆனாலும் 1650 எடுங்கன்னு சொல்றேன்.

செகண்ட் ஹேண்டுன்னு வந்தா நம்ம ஊருக்கு ஒரு வசதி, காட்பாடில ட்ரெய்ன் ஏறினா ஒரு பக்கம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், இன்னொரு பக்கம் பெங்களூர் எஸ்பி ரோடு, ரெண்டுமே கம்ப்யூட்டர் பார்ட்ஸ் மார்க்கெட். நேர்ல போயி ஓட்டிப் பாத்து வாங்கறது நல்லது, போட்டோவ பாத்துட்டு முன்பின் தெரியாதவனுக்கு ஜிபே பண்ணாதீங்க. 2022 செப்டம்பர்ல, கிராபிக்ஸ் கார்ட வெச்சி கிரிப்டோ காயின் எடுக்கற எத்தீரியம் மைனிங் நின்னப்புறம் ராவும் பகலும் ஓடின கார்டெல்லாம் மார்க்கெட்டுக்கு வந்துது, தொடச்சி பாலிஷ் போட்டா புதுசு மாதிரியே இருக்கும். இன்னொன்னு டூப்ளிகேட், பழைய ஜிடிஎஸ் 450 மாதிரி கார்டுல பயாஸ மாத்தி 1050 டிஐ-ன்னு காட்ட வெப்பாங்க. 1050 டிஐ-ன்னு சொல்லிட்டு பின்னாடி நீலக் கலர் விஜிஏ போர்ட் இருந்தா அங்கயே சந்தேகப்படுங்க. பென்டிரைவ்ல ஜிபியு-இசட் எடுத்துட்டுப் போங்க, கார்டு என்னன்னு காட்டற சின்ன சாஃப்ட்வேர், இன்ஸ்டாலே பண்ண வேணாம். இந்த மாதிரி பயாஸ் மாத்தின என்விடியா கார்டா இருந்தா பேருக்கு முன்னாடி ஃபேக்னு அதுவே காட்டிடும்.

அப்புறம் ஃபர்மார்க்னு கார்டுக்கு முழு லோடு குடுத்து டெஸ்ட் பண்ற சாஃப்ட்வேர் போட்டு ஒரு கால் மணி நேரம் ஓட விடுங்க, கடைக்காரர் மூஞ்ச சுளிச்சாலும் பரவால்ல. ஏசி ரூம்ல 70 டிகிரி காட்டற கார்டு, அக்னி நட்சத்திரத்துல நம்ம வேலூர் மொட்ட மாடி ரூம்ல, அதுவும் கம்ப்யூட்டர் டேபிள் பொட்டிக்குள்ள கேபினெட்ட சொருகி வெச்சிருந்தா, 85ஐ ஈஸியா தாண்டிடும். ஃபேன் சத்தம், திரையில புள்ளி புள்ளியா கலர் வருதா, ரெண்டையும் கவனிங்க. பழைய டிரைவர டிடியுங்கற டிரைவர் அழிக்கற சாஃப்ட்வேர் போட்டு சேஃப் மோட்ல கிளீன் பண்ணிட்டு புது கார்ட மாட்டுங்க, பாதி பேரு இத செய்யாமலே கார்டு போச்சுன்னு திருப்பி எடுத்துட்டு வர்றாங்க.