கியூஆர் அட்டைக்குப் பொட்டு வைத்தால் காசு போகுமா?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஆயுத பூஜைக்கு எங்க ஒட்டுக்கடை அக்கா கத்தி, தராசு, கல்லாப்பெட்டியோட டூயிட்நவ் கியூஆர் அட்டைக்கும் குங்குமம் வெச்சிட்டாங்க. அப்பவும் ஸ்கேன் ஆகுதே, எப்படி?"

டூயிட்நவ் என்பது மலேசியாவில் கைப்பேசியால் காசு கட்டும் முறை. அக்காவின் பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், அட்டையைக் காப்பாற்றுவது கணக்கு.

கறுப்புக் கட்டம் 1, வெள்ளை 0, சரி. அட்டையில் காசும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. கடையின் பெயர், அடையாள எண், ரிங்கிட்டைக் குறிக்கும் 458 என்று ஒரு நீள வரி, அவ்வளவுதான். கூடவே கொஞ்சம் உபரி எண்களும் அச்சாகியிருக்கும். விஷயமே அந்த உபரியில்தான்.

சொல்ல வேண்டியது 3, 5 என்ற இரண்டே எண்கள் என்று வையுங்கள். வரைபடத் தாளில் 1க்கு நேரே 3, 2க்கு நேரே 5 எனப் புள்ளி வைத்துக் கோடு போட்டால், அது அப்படியே 7, 9, 11 என்று ஏறிப் போகும். இந்த ஐந்து எண்களையும் அச்சடித்துவிடுங்கள். பொட்டு விழுந்து 3, 2, 7, 9, 11 ஆகிவிட்டதா? நாலு புள்ளி ஒரே கோட்டில் நிற்கிறது, ஒன்று மட்டும் விலகிக் கிடக்கிறது. எது தப்பு என்பதும் தெரிந்துவிட்டது, அங்கே 5 இருந்திருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது, அக்காவைக் கேட்கவே வேண்டாம்! எனக்கு இதை எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் அலுக்காது.

நிஜ கியூஆரில் நேர்கோட்டுக்குப் பதில் இன்னும் சிக்கலான பல்லுறுப்புக் கோவை. எட்டுக் கட்டம் சேர்ந்து ஒரு எண். எட்டில் ஒன்று கெட்டாலும் எட்டும் கெட்டாலும் ஒரே ஒரு தப்புதான். அதனால் அங்கங்கே தெறித்த எண்ணெய்ப் புள்ளிகளைவிட, ஒரே இடத்தில் அப்பிய குங்குமம் பரவாயில்லை! அச்சடிக்கும்போது தேர்ந்த நிலையைப் பொறுத்து சுமார் 7 முதல் 30 விழுக்காடு வரை கெட்டாலும் மீட்கலாம். மூன்று மூலைச் சதுரங்களில் மட்டும் பொட்டு வேண்டாம், கேமரா அவற்றை வைத்துத்தான் கியூஆரையே கண்டுபிடிக்கிறது.

ரீட், சாலமன் என்ற இரண்டு கணித அறிஞர்கள் இந்தத் திருத்தும் கணக்கை எழுதியது 1960ல். ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் கார் உதிரிபாகங்களைக் கண்காணிக்க கியூஆர் பிறந்தது 1994ல். ரொட்டி சானாய்க் கடை யார் நினைப்பிலும் இருந்திருக்காது. இந்த ஆராய்ச்சியால் என்ன லாபம் என்று கேட்டுக்கொண்டே நிதியை வெட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அட்டைக்கு இணையம் தேவையில்லை, உங்கள் கைப்பேசிக்குத் தேவை. செம்பனைக்குள் லைன் படுத்துவிடுகிறது, மழையில் நனைந்த ஓலை இன்னும் மோசம். கைப்பேசிக் கோபுரம் அனுப்பும் அலைகளில் 2600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12 சென்டிமீட்டர்கூட வராது. 700 மெகாஹெர்ட்ஸில் சுமார் 43. நீள அலைதான் இலைக்கூட்டத்தைச் சுலபமாகக் கடக்கும். கடைக்குக் கடை அட்டை கொடுத்துப் படம் எடுக்கிறவர்கள் அதோடு நிற்காமல், அந்த 700 அலைவரிசையில் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கோபுரமும் நடட்டும்.

அப்புறம் ஒன்று. இந்தக் கணக்கு கறையைத்தான் திருத்தும், திருட்டை அல்ல. அக்கா அட்டைமேல் யாராவது தன் கியூஆரை ஒட்டிவிட்டுப் போனால் அதுவும் சுத்தமாக ஸ்கேன் ஆகும். 5 வெள்ளியோ 50 வெள்ளியோ, திரையில் வரும் பெயரைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். வேறு பெயர் வந்தால் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.