எலி கடித்த ஆண்டெனா கேபிளும் அதன் மேல்வலையும்

ஐப்பசி மழையில் பத்து நாள் பலாமரத்தடியில் கிடந்த காரை எடுத்துக்கொண்டு குளச்சலிலிருந்து நாகர்கோவிலுக்குக் கிளம்பினேன். ரேடியோவில் 101 மெகாஹெர்ட்ஸ் வைத்தால், நாகர்கோவில் வானொலி பேசவேண்டிய இடத்தில் கடுகு பொரிகிற சத்தம்தான் வந்தது. முன்சக்கரத்து மேல்தகட்டில் நிற்கிற இழுப்பு ஆண்டெனாவிலிருந்து உள்ளே போகும் கேபிளை எலி கடித்திருந்தது.

மச்சான் அன்றைக்கே அதை முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்தார். "உள்ள போற கம்பிதானே மச்சான் சிக்னல கொண்டுபோகும்? மேல சுத்தியிருக்கது வெறும் கவர்தானே" என்றார். நிலையம் மங்கலாகக் கேட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதோடு சேர்ந்து டிக் டிக் சத்தமும் வேகமெடுத்தது. எஞ்சினின் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு முறை பொறி தட்டும்போதும் ஒரு குட்டி ரேடியோ அலை கிளம்புகிறது. அதைத் தடுக்கவேண்டிய மேல்வலையைத்தான் மச்சான் இணைக்காமல் விட்டிருந்தார்.

ஆண்டெனா கேபிள் கோஆக்சியல் வகை. நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி பிளாஸ்டிக், அதற்கு மேல் செம்புக் கம்பிகளைப் பின்னிய வலை, எல்லாவற்றுக்கும் வெளியே ரப்பர் தோல். நடுக்கம்பியில் போகிற மின்னோட்டம் வலை வழியாகத்தான் திரும்புகிறது. அதாவது, சுற்றில் பாதி அந்த வலைதான். அது செய்கிற வேலையும் ஒன்றல்ல, இரண்டு. 100 மெகாஹெர்ட்ஸ் அளவிலான மின்னோட்டம் செம்புக்குள் ஆழமாக இறங்குவதில்லை. சுமார் 7 மைக்ரான் தோலிலேயே பெரும்பகுதி ஓடிவிடும். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதனால் நமக்கு வேண்டிய சிக்னல் வலையின் உள்முகத்தில் ஓடும், எஞ்சின் இரைச்சல் வெளிமுகத்தில் ஓடும். ஒரே வலையில் இரண்டு பாதைகள், ஒன்றோடொன்று கலக்காமல். வலை அறுந்த இடத்தில் இரண்டும் கலந்துவிடும்.

நம் கடலோரத்தில் எலியை விடக் கெட்டது உப்புக்காற்று. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஈரம் பின்னல் வழியாக மேலே ஏறும். எலி கடித்தது ஒரு விரல் அகலம்தான் என்றாலும், தோலை உரித்துப் பார்த்தபோது அரை அடி தூரத்துக்கு வலை பச்சை பிடித்திருந்தது. பளபளவென்று செம்பு நிறம் தெரிகிற இடம் வரை வெட்டித் தள்ளத்தான் வேண்டும். பச்சை பிடித்த கம்பியில் பற்றவைக்கிற ஈயம் (சால்டர்) ஒட்டாது.

வெட்டிய அரை அடியை எதைக் கொண்டு நிரப்புவது? வீட்டில் கிடக்கிற டிவி கேபிள் போதுமா? எஃப்.எம். மட்டும் கேட்பவருக்குப் பிரச்சினை இல்லை. மீடியம் வேவ் கதை வேறு. திருநெல்வேலி வானொலியின் 1197 கிலோஹெர்ட்ஸ் அலை 250 மீட்டர் நீளம். அதன் முன்னால் முக்கால் மீட்டர் ஆண்டெனா ஒரு குச்சிதான். அது பிடிக்கிற சொற்ப மின்னழுத்தத்தைக் கேபிளின் மின்தேக்குதிறன் (மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் தன்மை) தின்றுவிடும். அதனால்தான் கார் கேபிளுக்குள் மெல்லிய கம்பி, பெரும்பாலும் காற்று நிறைந்த குழாய்க்குள் போகிறது. அப்போது அந்தத் திறன் மீட்டருக்கு 30 பிக்கோஃபாரட் (அதை அளக்கும் அலகு) அளவில் அடங்கும். டிவி கேபிளில் அது 50-க்கு மேல். மொத்த நீளத்தையும் மாற்றினால் மீடியம் வேவ் மங்கும். அரை அடி ஒட்டுக்கு 3, 4 பிக்கோஃபாரட் கூடினால் காதுக்குத் தெரியாது. ஆனால் இப்போதைய டிவி கேபிள் பலவற்றில் வலை அலுமினியம்; அதில் சாதாரண ஈயம் பிடிக்காது. செம்பு வலை உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். என் காரில் கேபிள் கொஞ்சம் தளர்வாகக் கிடந்ததால் ஒட்டே தேவைப்படவில்லை, நேராக இணைத்துவிட்டேன்.

ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) முதலிலேயே கேபிளில் கோத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஈயம் வைத்து முடித்த பிறகு ஸ்லீவ் மேசையில் சிரித்துக்கொண்டு கிடக்கும், எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது. தீர்ந்துபோன பேனா ரீஃபில் குழாயில் மை இல்லாத துண்டு ஒன்றையும் நடுக்கம்பியில் கோத்துக்கொண்டேன். கம்பி முனைகளை அரை சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஈயம். சூடு ஒரு நொடிதான்: ஈயம் உருக 183 டிகிரி வேண்டும், உள்ளே இருக்கிற பாலிதீன் அதற்கு வெகு முன்பே, 110 டிகிரி அளவிலேயே இளகிவிடும். ஆறியதும் ரீஃபில் துண்டை இணைப்பின் மேல் நகர்த்தினேன், கம்பி வலையைத் தொடாமலிருக்க. அப்புறம் இரண்டு பக்க வலையையும் சீப்பால் வாருவதுபோல விரித்து, இணைப்பைச் சுற்றிலும் மூடி, இரண்டு மூன்று இடத்தில் பொட்டு ஈயம். மேலே பசை தடவிய ஸ்லீவ்.

இப்படிக் கைவேலையாகச் செய்த இணைப்பில் அலை முட்டித் திரும்பாதா என்று கேட்கலாம். எஃப்.எம். அலை 3 மீட்டர் நீளம், இணைப்பு 2 சென்டிமீட்டர். அலை அதைக் கவனிக்காமல் தாண்டிவிடும். இதே கைவேலையை டிஷ் கேபிளில் காட்டாதீர்கள். அங்கே அலை 15, 30 சென்டிமீட்டர்தான், படம் கட்டம் கட்டமாக உடையும்.

ரேடியோவையும் ஆண்டெனாவையும் கழற்றிவைத்து மல்டிமீட்டரால் பார்த்தேன். நடுமுனைக்கு நடுமுனை சில ஓம், வலைக்கு வலை ஏறக்குறைய பூஜ்யம். நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடையே எதுவும் காட்டவில்லை. அங்கே ஏதாவது எண் வந்தால் ஈரமோ, ஒரு முடிக்கம்பி உள்ளே குத்தியதோ காரணம். கூரையில் சுறாத்துடுப்பு ஆண்டெனா உள்ள கார்களில் ஆம்ப்ளிஃபயர் இருக்கும். அதற்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது.

மறுநாள் மச்சானை ஏற்றிக்கொண்டு பேச்சிப்பாறைப் பக்கம் போனோம். தக்கலை தாண்டியும் டிக் டிக் இல்லை. அணைக்கு முந்தைய மலை மடிப்பில் மறுபடி கடுகு பொரிந்தது. மச்சான் என்னைப் பார்த்தார். மலையைக் கை காட்டினேன். அடுத்த வளைவில் 101 திரும்பிவந்தது.