“அவன் எப்பவும் அப்படித்தான்” என்றால் நம்பாதீர்கள்

அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு பெரியவர் சாப்பிட மறுக்கிறார், ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறார், கிட்டே போனால் அடிக்க வருகிறார். “அவனுக்குத்தான் மூளை வளர்ச்சி கம்மியாச்சே, அவன் எப்பவும் அப்படித்தான்” என்று வீட்டில் சொல்வார்கள், சில டாக்டர்களும் சொல்வார்கள். ஆனால் அறிவுசார் குறைபாடு சிறு வயதிலிருந்தே கூடவே இருப்பது. போன மாதம் புதிதாக ஒன்று தொடங்கியிருந்தால், காரணத்தையும் போன மாதத்துப் பக்கம்தான் தேட வேண்டும்.

பழைய குறைபாட்டின் மீது பழியைப் போட்டுவிட்டுப் புதிய நோயைத் தவறவிடும் இந்தப் பழக்கத்துக்கு, 1982-இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரைஸும் அவருடைய குழுவினரும் ‘டயக்னாஸ்டிக் ஓவர்ஷேடோயிங்’ என்று பெயர் வைத்தார்கள். தவறவிடுவது கொஞ்சநஞ்சமல்ல. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அறிவுசார் குறைபாடுள்ள 1,023 பெரியவர்களைப் பரிசோதித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், டாக்டர்களின் நேரடி மதிப்பீட்டின்படி 40.9 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை இருந்தது. அதே ஆட்களைப் மனநோய்களைக் கண்டறியும் பொதுவான அமெரிக்க அளவுகோலான டிஎஸ்எம் கொண்டு அளந்தபோது 15.7 சதவீதம்தான் வந்தது. டாக்டர்கள் நடத்தைச் சிக்கல்களையும் சேர்த்துக்கொண்டது ஒரு காரணம். “மனசு வெறுமையா இருக்கு” என்று நோயாளியே வாய்விட்டுச் சொல்வதைப் பொதுவான அளவுகோல்கள் பெரிதும் நம்பியிருப்பது இன்னொரு காரணம்.

அதனால் நல்ல டாக்டர் மனதைத் தொடுமுன் உடம்பைப் பார்ப்பார். சொத்தைப் பல், காதில் அடைத்த அழுக்கு, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ளலாம். டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பது) உள்ளவர் மந்தமாகி எடை கூடினால், தைராய்டு டெஸ்ட் எடுக்காமல் மனச்சோர்வு என்று முடிவுகட்டக் கூடாது. அவர்களிடம் நாற்பது வயதுக்குப் பிறகு மறதி தெரிந்தாலும் கவனிக்க வேண்டும். அல்சைமர் என்ற மறதி நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்துக்கான ஜீன் 21-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. மற்றவர்களுக்கு இரண்டு இருக்கும் அந்தக் குரோமோசோம் அவர்களுக்கு மூன்று.

அப்புறம்தான் மனம். வியாசர்பாடியில் முப்பத்து நான்கு வயதுக்காரர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தினமும் பயிற்சி மையத்துக்குப் போய்க் காகிதக் கவர் ஒட்டுவார். அப்பா இறந்த அன்று அவரைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேட்டபோதெல்லாம் “அப்பா ஊருக்குப் போயிருக்கார்” என்றார்கள். சில மாதங்களில் கவர் ஒட்டுவது நின்றது, டிவி ரிமோட்டுக்குத் தங்கையோடு போடும் சண்டையும் நின்றது. “இப்பல்லாம் சமத்தா இருக்கான்” என்று வீட்டில் நிம்மதி. என்னைக் கேட்டால் அடிக்க வருபவரைவிட இவரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். தொந்தரவு தராத மனச்சோர்வை யாரும் டாக்டரிடம் கூட்டிப் போவதில்லை.

கூட்டிப் போனாலும் கேட்கும் விதத்தில் சூட்சுமம் இருக்கிறது. “சோகமா இருக்கியா?” என்றால் “ஆமா” என்பார். “சந்தோஷமா இருக்கியா?” என்றாலும் “ஆமா”தான். கேட்பவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லியே வளர்ந்தவர்களிடம் இது சகஜம். அதனால் இரண்டு முகப் படங்களைக் காட்டி எது என்று கேட்பார்கள், கொஞ்ச நேரம் கழித்து இடம்மாற்றி வைத்துத் திரும்பக் கேட்பார்கள். “எத்தனை வாரமாக?” என்பதற்குப் பதில் வராது, “பொங்கலுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்றால் வரலாம். தனக்குத்தானே பேசுவதை மட்டும் வைத்து மனச்சிதைவு (இல்லாத குரல்கள் கேட்பது போன்ற மனநோய்) என்று சொல்லிவிடவும் முடியாது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பலருக்கு அது வழக்கமான விஷயம். அந்தப் பேச்சின் தொனி புதிதாக மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மருந்தில்தான் பெரிய ஆபத்து. முரட்டுத்தனத்துக்கு, மனச்சிதைவு போன்ற நோய்களுக்கான ஆன்டிசைக்கோடிக் மாத்திரை கொடுப்பது உலகம் முழுக்க வழக்கம். 2008-இல் ‘லான்செட்’ இதழில் வந்த, அறிவுசார் குறைபாடும் முரட்டுத்தனமும் உள்ள 86 பேரை வைத்துச் செய்த சோதனையில், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் என்ற இரண்டு ஆன்டிசைக்கோடிக் மருந்துகளையும்விட, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத்தான் முரட்டுத்தனம் அதிகம் குறைந்தது. இந்த மருந்துகள் சிலருக்கு உட்கார விடாத ஒரு தவிப்பைத் தரும். அதைச் சொல்லத் தெரியாதவர் அறைக்குள் நடந்துகொண்டே இருப்பார், தடுத்தால் தள்ளிவிடுவார். நோய் முற்றிவிட்டது என்று நினைத்து டோஸைக் கூட்டுவார்கள், தவிப்பும் கூடும். பக்கவிளைவுக்கென்று டிரைஹெக்ஸிஃபெனிடில் என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்த்தால் மலச்சிக்கல் வரலாம். அந்த வயிற்று வலியும் முரட்டுத்தனமாகவே வெளியே தெரியும். மனச்சிதைவு உறுதியாகத் தெரிந்தவருக்கு இந்த மருந்துகள் தேவைதான். மற்றவர்களுக்கு, எதற்காகக் கொடுக்கிறார்கள், எப்போது நிறுத்திப் பார்ப்பார்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை.

சென்னையில் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப் பெயரையே கிண்டலாக்கி வைத்திருக்கிறோம். 1794-இலிருந்து வரலாறு உள்ள அரசு மனநல மருத்துவமனை அங்கே இருக்கிறது. அந்தக் கிண்டலுக்குப் பயந்தே பல குடும்பங்கள் அந்தப் பக்கம் போவதில்லை. ஈசிஆரில் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், அறிவுசார் குறைபாட்டை மனநோய் என்ற வரையறைக்குள் சேர்க்கவில்லை. சரியான முடிவுதான். ஆனால் குறைபாட்டோடு மனநோயும் வந்தவருக்குச் சிகிச்சை உரிமை இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. “இது எங்க கேஸ் இல்ல” என்று யாராவது திருப்பி அனுப்பினால் அதைச் சொல்லலாம்.

போகும்போது ஒரு நோட்டு கொண்டுபோங்கள்: தூக்கம், சாப்பாடு, மலம், வலிப்பு வந்திருந்தால் அந்தத் தேதி, கடைசியாக மாற்றிய மாத்திரை. நன்றாக இருந்த காலத்து வீடியோ போனில் இருந்தால் அதையும் காட்டுங்கள். முன்பு எப்படி இருந்தார் என்பது டாக்டருக்கு வேறு எப்படித் தெரியும்? டோக்கன் வாங்கிக் கூட்டத்தில் காத்திருப்பதே சிலரைக் கலவரப்படுத்திவிடும் என்பதால், கூட்டம் குறைவான நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. உள்ளே போனதும் டாக்டர் அம்மாவிடமே பேசிக்கொண்டிருந்தால், “அவன்கிட்டயும் கேளுங்க டாக்டர்” என்று சொல்லுங்கள்.