‘கைக்கு எவ்ளவு வருது?’ என்று கேட்கும் பெரியவர்களுக்கு

ஒவ்வொரு ஆவணியிலும் இதே கதைதான். முகூர்த்தம் நாலு கழிந்ததும் இருபத்திரண்டிலிருந்து இருபத்தெட்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகள் எங்கள் பாளையங்கோட்டை மனநல கிளினிக் பெஞ்சுகளில் வந்து உட்காருகிறார்கள். மனசைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. நெஞ்சு படபடப்பு, வயிற்றெரிச்சல், விடியக்காலம் மூன்று மணிக்கு விழிப்பு, தலை பாரம். ஈசிஜி எடுத்தாயிற்று, எண்டோஸ்கோப்பி பார்த்தாயிற்று, எல்லாம் நார்மல். கொஞ்சம் பேசவிட்டால் பேச்சு மண்டபத்துப் பந்தியில் வந்து நிற்கும். இலையில் உப்பு வைப்பதற்குள் எதிர்வரிசையிலிருந்து ஒரு பெரியப்பா கேட்டிருப்பார்: “ஏலே, இப்ப எங்க இருக்க? கைக்கு எவ்ளவு வருது?” பதில் சொன்னதும், “அம்புட்டுதானா? மேலத்தெரு வாத்தியார் மவன் அம்பதுல்லா வாங்குதான்.” பெரியப்பா அடுத்து சாம்பாருக்குப் போய்விடுவார். பதில் சொன்னவன் ஆறு மாசத்துக்கு அந்த இலையிலேயே உட்கார்ந்திருப்பான்.

இதைப் பெற்றோரிடம் எடுத்துச் சொன்னால் வரும் பதில்தான் எரிச்சலைக் கிளப்புகிறது. “நாலு வார்த்தை சுருக்குன்னு சொன்னாத்தான டாக்டர் ரோஷம் வரும்? நாங்க அப்படித்தான் முன்னுக்கு வந்தோம்.” இதைக் கொஞ்சம் விளக்கமாகவே பார்ப்போம்.

‘இந்த இண்டர்வியூவுக்கு நீ சரியாத் தயார் பண்ணல’ என்று சொன்னால் அது செய்த காரியத்தைப் பற்றிய பேச்சு. கேட்பவனுக்கு வருத்தம் வரும், அடுத்த முறை திருத்திக்கொள்ள ஒரு வழியும் தெரியும். ‘படிக்க வச்சதெல்லாம் தண்டம், நீ எதுக்கும் லாயக்கில்ல’ என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு. தீர்ப்பைத் திருத்த வழியில்லை, ஒளிந்துகொள்ளத்தான் முடியும். ஒளிவது எப்படி இருக்கும் என்று கேளுங்கள். வேலை சம்பந்தமான மெயிலைத் திறக்கவே மாட்டான். திறந்தால் ‘வருந்துகிறோம்’ என்று இருக்குமே. கூடப் படித்தவன் போனை எடுக்க மாட்டான். வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற சேதி அந்தப் போனில்தான் வரும். இரவு முழுக்க விழித்திருந்துவிட்டுப் பகல் பன்னிரண்டு மணிக்கு எழுந்திருப்பான், ஏனென்றால் பகலில் வீட்டில் ஆள் நடமாட்டம் உண்டு. அதைப் பார்த்து நீங்கள் ‘சோம்பேறி’ என்பீர்கள். மறுபடியும் தீர்ப்பு, மறுபடியும் ஒளிவு. ரோஷம் வந்து சாதித்தவர்கள் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். ஒளிந்துகொண்டவர்கள் பந்திக்கே வருவதில்லை, அதனால் உங்கள் கணக்கில் அவர்கள் இல்லை. ‘நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம்’ என்பவர்களில் பலர் பிரஷருக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை போடுகிறவர்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

அடுத்து அந்த எண்ணுக்கு வருவோம். ‘பேக்கேஜ் நாலு லட்சம்’ என்றதும் வீட்டில் உடனே பன்னிரண்டால் வகுத்து, மாசம் 33,000 என்று எழுதிவிடுகிறார்கள். அந்தத் தொகை எந்த மாசமும் பேங்கில் விழாது. நாலு லட்சத்தில் அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 2 லட்சம் என்று வைப்போம். பேக்கேஜுக்குள்ளேயே கம்பெனி கட்டும் பிஎஃப், அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், 24,000. கிராஜுவிட்டி 4.81 சதவீதம், சுமார் 9,600. நிரந்தர வேலையில் அது பொதுவாக 5 வருஷம் இருந்தால்தான் கைக்கு வரும். இன்சூரன்ஸ் ஒரு 6,000. ‘வேரியபிள்’ என்று மொத்தத்தில் 10 சதவீதம், 40,000. அது வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. மிச்சம் 3,20,400. அதில் பிள்ளையின் பங்கு பிஎஃப் இன்னொரு 24,000, தொழில்வரி 2,500 போனால் மாசம் கைக்கு வருவது ஏறத்தாழ 24,500. பிஎஃப் நட்டமில்லை, அது அவன் சேமிப்புதான். ஆனால் அம்மா வாசலில் நின்று ‘முப்பத்தி மூணு’ என்று சொல்லிவிட்டாள். சென்னையில் பகிர்ந்த அறைக்கு 8,000, சாப்பாட்டுக்கு 6,000 என்று போட்டால் பையன் கையில் பத்துதான் நிற்கிறது. வீடோ 15,000 எதிர்பார்க்கிறது.

ஊருக்குச் சொன்ன 33,000-க்கும் கைக்கு வந்த 24,500-க்கும் உள்ள இந்த 8,500 வித்தியாசத்தில்தான் பொய் தொடங்குகிறது. பார்த்தவரை வழி ஒரே மாதிரிதான் போகிறது. முதல் மாசம் நண்பனிடம் கைமாற்று, மூன்றாவது மாசம் கிரெடிட் கார்டு, அதற்கப்புறம் போனில் ஐந்து நிமிஷத்தில் பணம் தரும் கடன் ஆப். ஆப்காரன் போனில் இருக்கும் எண்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, தவணை தவறினால் மாமாவுக்கும் சித்திக்கும் மெசேஜ் போடுவான். சம்பளத்தைக் கூட்டிச் சொன்ன பிள்ளைக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேண்டியதில்லை. ஏற்கெனவே மாட்டியிருந்தால் மிரட்டல் மெசேஜ்களை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது இன்றைக்கே சொல்லுங்கள். அப்பாவிடம் முடியாவிட்டால் ஆச்சியிடம் சொல்லுங்கள். ஆச்சிகள் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறார்கள்.

அந்தச் சம்பள எண் யாரைக் காட்டுகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். பெரிய ஐடி சேவை நிறுவனங்கள் 2010-களின் தொடக்கத்தில் புதியவர்களுக்குக் கொடுத்தது ஆண்டுக்கு 3 லட்சத்தை ஒட்டி. இன்றும் அந்தத் தொடக்கநிலைச் சம்பளம் மூன்றரை லட்சத்தைச் சுற்றியேதான் நிற்கிறது. வாடகையும் அரிசியும் அப்படி நிற்கவில்லை. 2021-22-ல் முடித்தவர்களை அள்ளி எடுத்தார்கள். 2023-24-ல் அதே நிறுவனங்களில் மொத்த ஆள் எண்ணிக்கையே குறைந்தது, ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. ஒரே துறை, ஒரே வாத்தியார்கள், ஒரே மார்க். அண்ணன் இரண்டு வருஷம் முந்திப் பிறந்தான், அவ்வளவுதான். அதை வைத்துத் தம்பியை ‘உருப்படாதவன்’ என்பது என்ன கணக்கு?

கல்லூரிகளும் இதில் சேர்த்தி. வண்ணார்பேட்டை பக்கம் பைபாஸில் நிற்கும் ஃப்ளெக்ஸ்களை நிதானமாகப் பாருங்கள். எட்டுப் பத்து முகங்கள், ஒவ்வொன்றின் கீழும் தடித்த எழுத்தில் இத்தனை எல்பிஏ, அதாவது வருஷத்துக்கு இத்தனை லட்சம். போன மாசம் வரை பேர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளைக்கு இப்போது கழுத்துக்குக் கீழே ஒரு விலை. அந்த ஃப்ளெக்ஸில் இல்லாத மற்ற முந்நூறு பேரும் தினமும் அதே வழியாகத்தான் பஸ்ஸில் போகிறார்கள்.

‘100 சதவீதம் பிளேஸ்மெண்ட்’ என்றால் கல்லூரி ‘தகுதி உள்ளவர்கள்’ என்று எடுத்துக்கொண்டவர்களில் நூறு சதவீதமாக இருக்கலாம். அரியர் வைத்தவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். ஒருவனுக்கு மூன்று ஆஃபர் வந்தால் மூன்று என்று எண்ணும் இடமும் உண்டு. ‘உச்ச பேக்கேஜ்’ ஒருவனுடையது. சராசரியை அந்த ஒருவன் தூக்கிவிடுவான். சேர்க்கைக்கு முன் கேட்க வேண்டியது இடைநிலைச் சம்பளம், அதாவது வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவன் வாங்குவது. தேசியத் தரவரிசையான என்ஐஆர்எஃப்-க்கு விண்ணப்பித்த கல்லூரி என்றால் அதன் இணையதளத்திலேயே அந்த அறிக்கை இருக்கும். எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, மேல்படிப்புக்குப் போனவர் எத்தனை, எல்லாம் வருஷவாரியாக. பத்து நிமிஷ வேலை. இதைப் பார்க்காமல் நகையை அடகு வைத்துவிட்டு நாலு வருஷம் கழித்துப் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

பெண்பிள்ளைகளுக்கு இந்தத் தராசு இரண்டு பக்கமும் அடிக்கிறது. குறைவாக வாங்கினால் ‘எதுக்குப் படிச்ச?’, மாப்பிள்ளையைவிடக் கூட வாங்கினால் ‘தணிஞ்சு போகாது’. வரன் ஜாதகத்தோடு சம்பளச் சீட்டும் கேட்கிறார்கள், பிறகு அந்தச் சீட்டே குறை என்கிறார்கள். அம்மாக்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிளினிக் சீட்டில் ‘தொழில்’ என்று ஒரு கோடு இருக்கும். முக்கூடல் பக்கத்திலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் வருகிற அம்மா அதில் சொல்வது, “சும்மா வீட்லதான் இருக்கேன்.” விரல் நுனியில் புகையிலைக் கறை, நகத்தில் இலை வெட்டிய தழும்பு. மகனின் செமஸ்டர் ஃபீஸ் பாதி அந்தப் பீடித்தட்டிலிருந்து போனது. பிள்ளை தன்னை ஏன் சம்பளத்தால் அளக்கிறான் என்று வேறெங்கும் போய்த் தேட வேண்டாம்.

‘பணம் முக்கியமில்லை, மனசுதான் முக்கியம்’ என்று இங்கே யாரும் உபதேசம் செய்வதில்லை. வீட்டுக்கடன் இருக்கிறவனிடம் அதைச் சொன்னால் நியாயமாகவே எழுந்து போய்விடுவான். சம்பளம் பத்தாவிட்டால் பத்தவில்லை. அதைக் கூட்டப் பார்க்கத்தான் வேண்டும். நாங்கள் செய்யச் சொல்வது இரண்டையும் தனித்தனி நோட்டில் எழுதுவது. ஒரு நோட்டில் வரவு, செலவு, கடன், அடுத்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும், எந்தத் தேதிக்குள். இன்னொன்றில் இந்த வாரம் யாருக்கு எதற்குப் பயன்பட்டாய்: தங்கச்சிக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தது, தாத்தாவை இன்சுலின் வாங்கக் கூட்டிப்போனது, மோட்டார் ரிப்பேர் பார்த்தது. மூன்று வரி போதும். முதல் வாரம் ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் எழுதுவார்கள். பரவாயில்லை, அதையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு மாசம் விடாமல் எழுதினால் வித்தியாசம் தெரிகிறது. லிங்க்ட்இன், வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ் இரண்டும் வேலை தேடும் நேரத்தில் ஒரு நாளைக்கு அரைமணிதான், அதுவும் பகலில். படுக்கையில் போன் வேண்டவே வேண்டாம்.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள் தொடங்குமுன்பே எத்தனை முறை, எந்த வயது வரை என்று எழுதி வைத்துவிடுங்கள். குரூப் 4-க்குக் கேட்பது பத்தாம் வகுப்பு. எழுத உட்காருகிறவர்களில் பொறியியலும் எம்எஸ்சியும் முடித்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கூட்டத்தில் கட்ஆஃப் ஒரே ஒரு கேள்வியில் தவறினால் அது ஒரு கேள்விதான்.

பெரியவர்களே, சம்பளம் கேட்காமல் இருக்க உங்களால் முடியாது என்று தெரியும். பந்தியில் மட்டும் கேட்காதீர்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால் தனியாக, “வேலை எப்படிப் போகுது? ஏதும் வேணுமா?” என்று கேளுங்கள். ஒப்பிட ஒரு மேலத்தெருக்காரனை இழுக்காதீர்கள். அவன் வீட்டுக் கதை உங்களுக்குத் தெரியாது, எங்களில் யாருக்காவது தெரிந்திருக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, ‘நான் இருந்து என்ன’ என்ற பேச்சு ஒரு தடவை வந்தாலோ மந்திரிப்பதும் கயிறு கட்டுவதும் அப்புறம் இருக்கட்டும். அந்தப் பேச்சு வந்த நாளே போனை எடுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, அல்லது மருத்துவ உதவி எண் 104. இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கேட்கமாட்டார்கள். தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டுக்குள் இருந்தால் இன்றைக்கே எடுத்து, பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். ‘எம்புள்ள அப்படிப்பட்டவன் இல்ல’ என்று விவாதிக்க வேண்டாம், பூட்டிவிட்டுப் பேசலாம். அந்த இரவு அவனைத் தனியாகப் படுக்க விடாதீர்கள்.

முதல் தடவை கூட்டிவரும்போது முன்பு எடுத்த ரிப்போர்ட்டுகள், சாப்பிடும் மாத்திரை அட்டை, கடன் இருந்தால் அதன் விவரம், மூன்றையும் எடுத்து வாருங்கள். மார்க் ஷீட் வேண்டாம். அப்பாவோ மாமாவோ கூட வந்தால் முதல் அரைமணி நேரம் வெளியே உட்காருங்கள். “அவனுக்கு ஒழுங்காச் சொல்லத் தெரியாது, நான் சொல்லிருதேன்” என்று கூடவே உள்ளே வராதீர்கள். அவன் திக்கித் திக்கிச் சொன்னாலும் அவன் வாயால் சொல்லட்டும்.